1890களின் செங்கல் வரிசை வீடு: எப்படிக் கட்டினார்கள், எங்கே கெடும், எதைச் செய்யக்கூடாது

கேள்வி: கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் 1890களில் கட்டிய செங்கல் வரிசை வீடு ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். சர்வேயர் அறிக்கையில் கீழ்த்தளச் சுவரில் ஈரம், முன்பக்க பே ஜன்னலைச் (சுவரிலிருந்து வெளியே தள்ளிய ஜன்னலைச்) சுற்றி விரிசல், கூரையில் தொய்வு என்று மூன்று குறைகள் இருக்கின்றன. இந்த வீடுகள் எப்படிக் கட்டப்பட்டவை? பயப்பட வேண்டுமா?

பதில்:

நீங்கள் சொல்லும் மூன்றும் இந்த வகை வீட்டின் வழக்கமான குறைகள். அவற்றில் பெரும்பகுதியைக் கொண்டுவந்தவர் 1890களில் கட்டியவர் அல்ல, 1960க்குப் பிறகு "பழுது பார்த்தவர்". வீடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எது ஆபத்து, எது வெறும் வயது என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம். அதனால் கட்டுமானத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தத் தெருக்களைக் கட்டியவர்கள் பெரும்பாலும் சிறு முதலீட்டுக் கட்டுநர்கள். நிலச்சொந்தக்காரரிடம் நீண்ட குத்தகைக்கு மனை எடுத்து, நாலைந்து வீடுகளாகக் கட்டி, விற்ற அல்லது அடகு வைத்த பணத்தில் அடுத்த நாலைந்தைத் தொடங்குவார்கள். ஒரே தெருவில் சில வீடுகளுக்கு ஒருமுறை கதவு வளைவோ தூண் தலைப்போ மாறுவது இதனால்தான். தெருவின் அகலத்தையும் சுவரின் கனத்தையும் அவர்களாகத் தீர்மானிக்கவில்லை. 1875இன் பொதுச் சுகாதாரச் சட்டமும், அதையொட்டி 1877இல் வந்த மாதிரி உள்ளூர் விதிகளும் தீர்மானித்தன. புதுத் தெரு 36 அடி அகலம், வீட்டுக்குப் பின்னால் குறைந்தது 150 சதுர அடி திறந்தவெளி, அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல், சுவரில் ஈரத்தடுப்பு வரி (தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு) என்பவை அவற்றில் முக்கியமானவை. இங்கிலாந்து முழுவதும் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற தெருக்களை நீங்கள் காண்பதற்கு இந்த விதிகளே காரணம்.

உள் லண்டனுக்குச் சட்டம் தனி. 1894இன் லண்டன் கட்டடச் சட்டமும் அதற்கு முந்தையவையும், இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள பொதுச்சுவர் கூரையைத் தாண்டி மேலே எழ வேண்டும் என்றன. தீ பரவாமல் இருக்க. ஈஸ்ட் ஹாம் அப்போது எசெக்ஸ் மாவட்டத்தில் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே செல்லாது. அதனால் அங்கே ஸ்லேட் எனும் கல்தகட்டுக் கூரை தெரு நெடுக ஒரே பரப்பாக ஓடுவதைப் பார்க்கலாம். பரணில் ஏறினால், சில வீடுகளில் பொதுச்சுவர் கூரைவரை எட்டாமல் பக்கத்து வீட்டுப் பரண் தெரியும். பார்த்தால் அதை அடைக்க வேண்டிய வேலையாகக் குறித்துக்கொள்ளுங்கள். தீக்கும் அதுதான் வழி, திருடனுக்கும் அதுதான் வழி.

வீட்டின் அமைப்பு ஏறக்குறைய எங்கும் ஒன்றே. முகப்பு 15 முதல் 18 அடி. ஒரு பக்கம் நடை, மறுபக்கம் பே ஜன்னல் வைத்த முன்கூடம், அதன் பின்னால் நடு அறை. அதற்கும் பின்னால், வீட்டைவிடக் குறுகலாக, பக்கத்து வீட்டின் பின்கட்டோடு ஒட்டியபடி ஒரு பின்கட்டு நீளும். அங்கேதான் சமையலறை, பாத்திரம் கழுவித் துணி வெளுக்கும் அறை, கடைசியில் வெளியிலிருந்து நுழையும் கழிப்பறை. இரண்டு பின்கட்டுகள் முதுகோடு முதுகாக ஒட்டுவதால் ஒரு சுவர் மிச்சம், புகைபோக்கியையும் பகிரலாம். இரண்டாவது லாபம் வெளிச்சம்: பின்கட்டு குறுகலாக இருப்பதால் நடு அறைக்கு ஒரு பின் ஜன்னல் கிடைத்தது. இன்று "சைடு ரிட்டர்ன்" என்று எல்லோரும் கண்ணாடிக் கூரை போட்டு மூடுகிற அந்த ஒடுக்கமான பக்க முற்றம் அப்படி வந்ததுதான். மூடினால் நடு அறை இருட்டாகும். வரைபடம் போடுபவர் இதைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

இப்போது சுவர். உங்கள் அறிக்கையில் உள்ள ஈரத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

வெளிச்சுவர் ஒரு செங்கல் நீளக் கனம், அதாவது நம்மூர்க் கொத்தனார் சொல்லும் அதே ஒன்பது இன்ச் சுவர். நடுவில் காற்றிடைவெளி கிடையாது. முகப்பில் ஒரே வரியில் நெடுக்குக் கல்லும் குறுக்குக் கல்லும் மாறி மாறித் தெரிந்தால் அது ஃபிளெமிஷ் கட்டு. பின்சுவரில் மூன்று அல்லது ஐந்து வரி நெடுக்காகவும் ஒரு வரி குறுக்காகவும் இருக்கும், கூலி குறைவு. முகப்புக்கு நல்ல கல், பின்னால் மட்டக் கல். சில கட்டுநர்கள் இன்னொரு சிக்கனமும் செய்தார்கள்: விலையுயர்ந்த முகப்புக் கல்லை இரண்டாக உடைத்து, குறுக்குக் கல் போலத் தெரியும்படி பாதியை மட்டும் வைத்தார்கள். வெளியே ஃபிளெமிஷ் கட்டு மாதிரி தெரியும். உண்மையில் முகப்பின் நாலரை இன்ச் உள்சுவரோடு சரியாகக் கோக்கப்படாமல் நிற்கும். முகப்பு வயிறு தள்ளியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இது. நீண்ட மட்டப்பலகையையோ தூக்குக்குண்டையோ வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முகப்பையும் உள்சுவரையும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் தைத்து நிறுத்தலாம். சுவரை இடிக்க வேண்டிய அவசியம் அரிது.

மஞ்சளும் பழுப்புமான லண்டன் ஸ்டாக் செங்கல் கென்ட், எசெக்ஸ் களிமண்ணில் செய்தது. மண்ணோடு சுண்ணக்கட்டியையும் சலித்த நிலக்கரிச் சாம்பலையும் கலந்தார்கள். சுண்ணாம்பால் மஞ்சள் நிறம். சாம்பலில் எரியாமல் மிஞ்சிய கரித்துகள் கல்லுக்குள்ளேயே எரிந்து அதை வேக வைத்தது. கருப்புப் புள்ளிகள் அதன் அடையாளம். தேம்ஸில் பாய்மரப் படகுகள் கென்ட்டிலிருந்து கல் ஏற்றி வந்து, திரும்பும்போது லண்டன் வீடுகளின் அடுப்புச் சாம்பலை ஏற்றிப் போயின. 1890களில் முகப்புக்குச் சிவப்புக் கல் நாகரிகமானது. ரிச்சர்ட் நார்மன் ஷா போன்ற கட்டடக் கலைஞர்கள் வளர்த்த "குயின் ஆன்" பாணி, பெட்ஃபர்ட் பார்க் போன்ற வசதியான குடியிருப்புகளிலிருந்து இறங்கி, ரோலண்ட் பிளம்ப் வடிவமைத்து 1880களில் தொடங்கிய நோயல் பார்க் தொழிலாளர் குடியிருப்புவரை வந்தது. உங்கள் தெருவில் மஞ்சள் சுவரில் சிவப்புக் கோடுகளும் ஜன்னல் மேல் சிவப்பு வளைவுகளும் இருந்தால் அந்த அலையின் கடைசி நுரை அது.

கல்லை ஒட்டியது சிமெண்ட் அல்ல, சுண்ணாம்புக் கலவை. சில இடங்களில் மணலோடு சாம்பலும் சேர்ந்து கருப்பாக இருக்கும். இந்தக் கலவை கல்லைவிட மென்மையானது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மழை பெய்தால் சுவர் ஓரளவு நீரை உறிஞ்சும், காற்றடித்தால் இணைப்பு வழியாக அதை வெளியே விடும். வீடு கொஞ்சம் அசைந்தால் கலவை நெகிழ்ந்து கொடுக்கும். சுவரின் ஈரம் வெளியேறும் வாசல் அந்தச் சுண்ணாம்புக் கோடுதான்.

அதன்மேல் யாராவது சிமெண்ட் பாயிண்டிங் செய்திருந்தால், அதாவது இணைப்புகளைச் சிமெண்டால் பூசியிருந்தால், வாசல் அடைபட்டது. நீர் இப்போது கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியேறும்போது உப்பு கல்லின் மேல்தோலுக்கு அடியில் படிகமாகும். குளிர்காலத்தில் அங்கே நீர் உறையும். கல்லின் முகம் தகடு தகடாக உதிரும். சுவரில் கல் உள்வாங்கி, சாம்பல்நிறக் கோடுகள் மட்டும் வலைபோல வெளியே துருத்திக்கொண்டிருந்தால் காரணம் இதுதான். பாயிண்டிங் திரும்பச் செய்வதென்றால், இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம், ஏறக்குறைய 20 முதல் 25 மில்லிமீட்டர், கையாலேயே தோண்டி எடுக்க வேண்டும். கிரைண்டர் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். பிறகு தூசியைத் துலக்கி, சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூரான மணல் சேர்த்துத் திணித்து அழுத்த வேண்டும். மென்மையான ஸ்டாக் கல்லுக்கு என்.எச்.எல். (நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு) 2 தரம், வெயில் மழை நேராக அறையும் இடத்துக்கு என்.எச்.எல். 3.5. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் தொடவே கூடாது. முடித்த பின் சாக்கு போட்டு மூடிச் சில நாள் லேசாக நனைத்துவர வேண்டும். "கொஞ்சம் சிமெண்டும் சேர்த்தால் பலமாக இருக்கும்" என்று ஆள் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

கீழ்ச்சுவர் ஈரத்துக்கு வருவோம். தரைக்குச் சற்று மேலே ஈரத்தடுப்பு வரி இருக்கும்: இரண்டு அடுக்கு ஸ்லேட், அல்லது தாரும் மணலும், அல்லது ஸ்டாஃபர்ட்ஷையர் நீலச் செங்கல். ஸ்லேட் கெடுவது அபூர்வம். கெட்டதாகச் சொல்லப்படும் பெரும்பாலான இடங்களில் உண்மை வேறு. வெளியே நடைபாதையையோ பூப்பாத்தியையோ உயர்த்தி அந்த வரியை மூடியிருப்பார்கள்; அதன் மேலாகச் சிமெண்ட் பூச்சு இறக்கியிருப்பார்கள்; கூரையோர வாய்க்கால் தகடு ஒழுகிச் சுவர் நெடுக வழிந்திருக்கும்; அல்லது ஜன்னல் திறக்காமல் உள்ளே துணி காயப்போட்டதில் குளிர்ந்த சுவரில் ஆவி படிந்திருக்கும். ஈரமானி எனும் மின் கருவி உண்மையில் அளப்பது மின்கடத்தலை. உப்பேறிய பழைய பூச்சும், படலம் ஒட்டிய சுவர்க்காகிதமும் அதை ஏமாற்றும். கருவி சிவப்பு காட்டினால் "ஈரம் ஏறுகிறது" என்று முடிவெடுப்பவர், இலவசமாகப் பார்க்க வந்து ரசாயனம் செலுத்துகிற வேலையை விற்பவராக இருந்தால் அந்த முடிவுக்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். சுவரைத் துளைத்து உள்ளிருந்து எடுத்த மாதிரியைக் கார்பைட் சோதனை செய்தால்தான் உள் ஈரம் தெரியும்.

வைத்தியம் எளிது, ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். வெளித்தரையை ஈரத்தடுப்பு வரிக்கு 150 மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள். வாய்க்காலையும் குழாயையும் சரிசெய்யுங்கள். உள்ளே ஒரு மீட்டர் உயரத்துக்குப் போட்ட சிமெண்ட் பூச்சை எடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். ஒன்பது இன்ச் சுவர் காய ஒரு இன்ச்சுக்கு ஒரு மாதம் என்று கொத்தனார்கள் வைக்கும் கணக்கு மோசமில்லை. அவசரத்தில் பூசினால் ஈரம் மேலே ஏறி அடுத்த வருடம் ஒன்றரை மீட்டரில் தெரியும்.

மரத்தரை இதோடு சேர்ந்தது. முன்கூடமும் நடு அறையும் தரையில் உட்கார்ந்திருக்கவில்லை. தாழ்வான சிறு சுவர்கள்மேல் 4க்கு 2 இன்ச் குறுக்குச்சட்டங்கள், அவற்றின்மேல் பைன் பலகை. அடியில் காற்று முன்னிருந்து பின்னுக்கு ஓட வேண்டும். அதற்குத்தான் வெளிச்சுவரின் அடியில் சல்லடைக் கற்கள். அவற்றை மண்ணோ வண்ணமோ அடைத்திருந்தால் அடியில் ஈரம் தேங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் உலர்மக்கு எனும் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடும். அது ஈர மரத்தில் பிறந்து, செங்கல் இடுக்கு வழியாகக் காய்ந்த மரத்தையும் தேடிப் போகும். பின்கட்டில் சமையலறைக்குக் கான்கிரீட் தளம் போட்டவர்கள் அதற்கு அடியில் காற்றுக்குழாய் பதிக்காவிட்டால் முன்னறைத் தரையின் மூச்சு பாதியில் நின்றுவிடும். பார்க்கப் போகும்போது சுவரோரத்தில் குதிகாலால் ஒருமுறை இடித்துப் பாருங்கள். பலகை மெத்தென்று போனால், வாங்கும் முன் ஒரு பலகையைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

பே ஜன்னல்தான் இந்த வீட்டின் பலவீனமான இடம். அழகுக்காக வெளியே தள்ளிய இந்தப் பகுதி வீட்டோடு சரியாகப் பிணைக்கப்படவில்லை. முக்கியச் சுவரின் அடித்தளமே ஆழமில்லை: அரை மீட்டர் சொச்சத்தில், ஒன்பது இன்ச் சுவருக்கு அடியில் படிப்படியாக அகன்று கடைசி வரியில் பதினெட்டு இன்ச் ஆகும் செங்கல் படிகள். பே ஜன்னலின் அடித்தளம் பல வீடுகளில் இதைவிடவும் மேலோட்டமானது. அடியில் சுருங்கி விரியும் லண்டன் களிமண் இருந்தால் கோடையில் முதலில் இறங்குவது அதுதான். 1976 வறட்சிக்குப் பிறகு இந்தச் சிக்கலை நாடே அறிந்தது. ஈஸ்ட் ஹாமின் சில பகுதிகள் களிமண், சில பகுதிகள் சரளை. உங்கள் மனைக்கு எது என்று புவியியல் வரைபடத்தில் பாருங்கள்.

அடுத்தது மேலே உள்ள சுமை. தரைத்தளத்தில் பே ஜன்னலுக்காக முன்சுவரில் ஒரு பெரிய திறப்பு விட்டார்கள். அந்தத் திறப்பின்மேல் மாடிச்சுவரைத் தாங்குவது ஒரு கனத்த பைன் உத்திரம். அதன் முனைகள் வெளிச்சுவருக்குள் இருக்கின்றன. பே ஜன்னலின் சிறு கூரை ஒழுகினால் முனை மக்கும், உத்திரம் தொய்யும், மாடி ஜன்னலுக்குக் கீழே கிடைமட்டமாகவோ படிப்படியாகவோ விரிசல் ஓடும்.

மூன்றாவது, பழைய சாஷ் (மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும்) ஜன்னலைக் கழற்றிப் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டியது. சாஷ் ஜன்னலின் பெட்டிச்சட்டம் கனமானது. காலப்போக்கில் மேலுள்ள கல் லிண்டலின் சுமையில் ஒரு பங்கை அதுவும் தாங்கத் தொடங்கியிருக்கும். அதை எடுத்துவிட்டு, உள்ளே எஃகுத் தாங்கல் இல்லாத பிளாஸ்டிக் சட்டத்தைச் செருகினால் லிண்டல் இறங்கும். புதுச் சட்டத்தின் மூலைகள் கோணம் தவறியிருப்பதும், ஜன்னல் கதவு உராய்வதும் இதன் அடையாளம்.

உங்கள் விரிசலை இப்படிப் பாருங்கள். பே ஜன்னல் முக்கியச் சுவரைச் சந்திக்கும் இடத்தில், மேலே அகலமாகவும் கீழே மெலிந்தும் இருந்தால் அது வெளியே சாய்கிறது. ஓரம் கூர்மையாகவும் உள்ளே சுத்தமாகவும் இருந்தால் புதியது. தூசியும் பழைய வண்ணமும் ஏறியிருந்தால் பழையது. பழைய நிரப்பல் மறுபடி பிளக்காமல் இருந்தால் பெரும்பாலும் நின்றுபோன அசைவு. இங்கிலாந்தில் பொதுவாகப் பின்பற்றும் அளவுகோலில் 5 மில்லிமீட்டர்வரை "லேசானது", 5 முதல் 15 வரை "மிதமானது". ஆனால் அகலத்தைவிட அது மாறுகிறதா என்பதுதான் கேள்வி. அளவுகாட்டி ஒட்டி ஒரு வருடம் பார்க்க வேண்டும். களிமண்ணில் விரிசல் கோடை முடிவில் விரியும், குளிர்காலத்தில் மூடும். வாங்கும் அவசரத்தில் ஒரு வருடம் கிடைக்காது, அதனால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைத் தனியாக அழையுங்கள். கூடவே கழிவுக் குழாயைக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பே ஜன்னலின் மூலையில் இறங்கும் மழைக்குழாய் பழைய 4 இன்ச் மண்குழாயில் சேர்கிறது; அந்த மூட்டு விலகி, நீர் அடித்தளத்தைக் கரைத்ததே பல இறக்கங்களுக்குக் காரணம். குழாயைச் சரிசெய்ததும் அசைவு நிற்கலாம். நின்ற விரிசலுக்கு, சில வரிகளுக்கு ஒருமுறை இணைப்பைக் குடைந்து 6 மில்லிமீட்டர் முறுக்கு எஃகுக் கம்பியை விரிசலின் இருபுறமும் அரை மீட்டர் நீளும்படி பதித்து அடைக்கலாம். அடித்தளத்தையே ஆழப்படுத்துவது கடைசி மருந்து. ஒரு வீட்டை மட்டும் ஆழப்படுத்தினால் அது நிலையாக நிற்கும், இருபுறத்து வீடுகளும் பருவத்துக்குப் பருவம் அசையும், விரிசல் இப்போது பொதுச்சுவருக்கு வரும்.

கூரைத் தொய்வு மூன்றில் எளிதானது. கூரைக்கு முதலில் வேய்ந்தது வேல்ஸ் ஸ்லேட், பென்ரின், டினோர்விக் போன்ற குவாரிகளிலிருந்து ரயிலில் வந்தது. எடை சதுர மீட்டருக்கு 30 கிலோ சுமார். கைமரங்களை நடுவில் ஒரு குறுக்குவிட்டம் தாங்குகிறது; அதைச் சாய்கால்கள் வீட்டின் நடுச்சுவர்மேல் ஊன்றுகின்றன. ஸ்லேட்டுக்குச் சரியாகப் போதுமான மரம், அவ்வளவுதான். 1960, 70களில் ஸ்லேட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் ஓடு போட்டார்கள். எடை ஒன்றரை மடங்குக்கு மேல். விட்டம் வளைந்தது, சில வீடுகளில் கைமரத்தின் அடி சுவரின் தலையை வெளியே தள்ளியது. இன்று மேற்பரப்பின் எடை 15 சதவீதத்துக்கு மேல் கூடினால் மரச்சட்டத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று கட்டட விதி சொல்கிறது. அன்று யாரும் பார்க்கவில்லை. பரணில் போய் விட்டம் வெடித்திருக்கிறதா, யாராவது சாய்காலை அறுத்துச் சாமான் வைக்க இடம் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பழைய வளைவு அப்படியே இருக்கும். கூடுதல் விட்டமும் சாய்காலும் வைத்தால் போதும்.

ஸ்லேட் இன்னும் இருந்தால் நல்லது. ஸ்லேட் நூறு வருடம் கடந்தும் நன்றாக இருக்கும், துருப்பிடிப்பது ஆணி. நழுவிய ஸ்லேட்டை ஈயப்பட்டை மடித்துத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். ஒன்றிரண்டு பட்டை இயல்பு. கூரை முழுக்க மின்னினால் ஆணிகளின் காலம் முடிந்தது, அதே ஸ்லேட்டை இறக்கித் தாமிர ஆணியில் மறுபடி வேய வேண்டும். கைமரங்களுக்கு நடுவே பஞ்சுபோல் உறைந்த நுரை தெளித்திருந்தால் விலகி நில்லுங்கள்: மரம் மூச்சுவிடாது, ஒழுகல் தெரியாது, வங்கிகள் பலவும் கடன் தர மறுக்கின்றன.

புகைபோக்கியில் ஒரு விஷயம் மட்டும். அறையை அகலமாக்கக் கீழே புகைபோக்கியின் மார்பை (அறைக்குள் துருத்தி நிற்கும் செங்கல் பகுதியை) உடைத்திருக்கலாம். மேலே மாடியிலோ பரணிலோ எஞ்சிய பகுதி எதில் நிற்கிறது என்று கேளுங்கள். சுவரில் திருகிய இரண்டு முக்கோண எஃகுத் தாங்கிகள் என்றால் பல மாநகராட்சிகள் அதை இன்று ஏற்பதில்லை. வெறும் மரச்சட்டத்தில் நின்றால் அது டன் கணக்கில் செங்கல், உடனே பொறியாளர் வேண்டும். பயன்படுத்தாத புகைவழியை மூடியிருந்தால் மேலும் கீழும் சிறு காற்றுத்துளை வேண்டும். இல்லாவிட்டால் பழைய கரியின் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, மார்பில் பழுப்புக் கறை எழும். எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் அது திரும்ப வரும்.

முன்கூடத்துக்கும் நடு அறைக்கும் இடையிலுள்ள சுவர் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மெல்லியதாக இருந்தாலும் அது சுமைச்சுவர். பல வீடுகளில் மாடித்தரையின் 7க்கு 2 இன்ச் சட்டங்கள், மாடித் தடுப்பு, கூரையின் சாய்கால் எல்லாம் அதன்மேல்தான் இறங்குகின்றன. எடுத்திருந்தால் எஃகு விட்டம், அதன் முனையில் கான்கிரீட் தாங்குகட்டி, மாநகராட்சியின் நிறைவுச் சான்றிதழ் மூன்றும் இருக்க வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் வக்கீல் ஒரு காப்பீட்டைக் காட்டி முடித்துவிடப் பார்ப்பார். அந்தக் காப்பீடு மாநகராட்சி நடவடிக்கை எடுத்தால் அதன் செலவைத் தரும், மாடியைத் தாங்காது. குளியலறைக்கும் சூடேற்றிக்கும் குழாய் ஓட்டியவர்கள் சட்டங்களின் தலையில் வெட்டிய பள்ளங்களும் அங்கே சேர்ந்துகொள்ளும். பள்ளம் சட்டத்தின் உயரத்தில் எட்டில் ஒன்றைத் தாண்டக்கூடாது, அதுவும் முனைக்கு அருகிலேதான். நடுவில் பாதி ஆழம் வெட்டிய சட்டங்கள் சர்வசாதாரணம். மாடி துள்ளுவது அதனால்.

அறைகளின் உட்கூரையாகத் தெரிவது மரப்பட்டைகள்மேல் மாட்டுமுடி கலந்த சுண்ணாம்புப் பூச்சு. பட்டைகளின் இடுக்கில் பிதுங்கி மறுபுறம் கொக்கிபோல் மடிந்த பூச்சுதான் அதைப் பிடித்திருக்கிறது. உள்ளங்கையால் மெல்ல அழுத்தும்போது ஆடினால் கொக்கிகள் உடைந்துவிட்டன. விரிசல் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம்.

பழைய சாஷ் ஜன்னல்கள் எஞ்சியிருந்தால் தயவுசெய்து வீசாதீர்கள். மெதுவாக வளர்ந்த அந்தக் காலத்துப் பைன் இன்று கிடைக்கும் மரத்தைவிட நெருக்கமானது. கயிறு அறுந்தால், உள்ளோரப் பட்டையைப் பெயர்த்துக் கீழ்ச்சட்டத்தை எடுக்கலாம்; நடுப்பட்டையைப் பெயர்த்தால் மேல்சட்டம் வரும். பெட்டியின் பக்கத்துச் சிறு மூடியைத் திறந்தால் உள்ளே வார்ப்பிரும்பு எடைகள். கண்ணாடி மாற்றினால் எடையும் மாற வேண்டும்: மேல்சட்டத்துக்கு இரண்டு எடைகளும் சேர்ந்து சட்டத்தைவிடச் சற்றே கூடுதல், கீழ்ச்சட்டத்துக்குச் சற்றே குறைவு. அப்போதுதான் மேலது மேலேயும் கீழது கீழேயும் மூடி நிற்கும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும். காய்ந்தபடி தேய்க்காதீர்கள், குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

குளிரைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் முதல் குளிர்காலத்தில் கேட்பீர்கள். பரணில் 270 மில்லிமீட்டர் வெப்பத்தடுப்புக் கம்பளம், ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி விட்டு. மரத்தரைச் சட்டங்களுக்கு நடுவே வலை கட்டி 100 மில்லிமீட்டர் நார், சல்லடைக் கல்லை அடைக்காமல். ஜன்னலுக்குத் தூரிகைப் பட்டை. இவை மூன்றும் செலவுக்கு மேல் பலன் தரும். உட்சுவரில் தகடு ஒட்டிய நுரைப்பலகை வைப்பதில் அவசரப்படாதீர்கள். சுவர் குளிர்ந்து, ஈரம் பின்னால் சிக்கி, சுவருக்குள் நுழையும் மாடிச்சட்டங்களின் முனை மக்கும். செய்தே ஆக வேண்டுமென்றால் 40 முதல் 60 மில்லிமீட்டர் மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும், அதுவும் வெளிச்சுவரைச் சரிசெய்த பிறகு.

வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பரிமாறிக்கொள்ளும் முன் மூன்று விலைகளைக் கையில் வைத்திருங்கள்: பொறியாளர் பார்த்த பே ஜன்னல் வேலை, கேமரா பார்த்த குழாய் வேலை, சிமெண்டை எடுத்துச் சுண்ணாம்பு போடும் வேலை. பேரம் பேச இவை போதும். கூரை விட்டத்தை வந்த பிறகு செய்யலாம்.

வாங்கிய பிறகு பக்க முற்றத்தை மூடவோ பரணை அறையாக்கவோ நினைத்தால் 1996இன் பொதுச்சுவர்ச் சட்டம் குறுக்கே வரும். பொதுச்சுவரில் விட்டம் செருக இரண்டு மாத முன்னறிவிப்பு. பக்கத்து வீட்டுக்கு 3 மீட்டருக்குள் அதன் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்ட ஒரு மாதம். அவர் 14 நாளுக்குள் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் தகராறு என்றே கணக்கு. சர்வேயர் நியமிக்க வேண்டும், வழக்கமாக அந்தச் செலவு உங்களுடையது. பக்க முற்றத்துக்கு அடியில் ஓடும் குழாய் பக்கத்து வீடுகளின் கழிவையும் சுமந்தால், 2011 அக்டோபர் 1 முதல் அது தண்ணீர் நிறுவனத்தின் சொத்து. அதன்மேல் சுவர் எழுப்ப அவர்களுடைய அனுமதி தனியாக வேண்டும். முன்னால் இருந்தவர் ஏற்கெனவே எழுப்பியிருந்தால் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.